வெயிலில் ஓடும் வைப்பர்

சாவியைக் கொடுப்பதுபோல் நீட்டிவிட்டுத் தன் விரலிலேயே மாட்டிக்கொள்கிறார், கார் வாடகைக்குத் தரும் அக்கா. "மொதல்ல ஏறி உட்காருங்க, பார்ப்போம்." சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளிலிருந்து வந்து வாடகைக் கார் எடுப்பவர்கள் அநேகமாக வலது கதவைத்தான் திறக்கிறார்கள். உட்கார்ந்த பிறகே எதிரில் ஸ்டியரிங் இல்லை என்பது உறைக்கிறது. "அங்க உட்கார்ந்தா நான்தான் ஓட்டணும்!" என்று அவர் சிரிக்க, அவர்களும் அசட்டுச் சிரிப்போடு இறங்கிச் சுற்றி வருகிறார்கள்.

வாடகைக் கார் நிலையத்தில் அவர் 'வைப்பர் அக்கா'. இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. இண்டிகேட்டர் இடது கைக்கு. பழக்கதோஷத்தில் வலது கை தட்டினால் வைப்பர் ஓடும். சுள்ளென்ற வெயிலில் ஒரு கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரும்பினால், "நம்ம விருந்தாளி போறாரு, வழி விடுங்கப்பா!" என்பார்.

அவருடைய பாடம் சுருக்கமானது. "ஓட்டுறவங்க எப்பவும் நடுக்கோட்டுப் பக்கம். ரவுண்டானாவுல இடது பக்கம் பாருங்க, உள்ள சுத்துறவங்களை விட்டுட்டு நுழையுங்க. காலி ரோட்டைத்தான் நம்பக் கூடாது. முன்னால வண்டி இருந்தா பின்னாலயே போயிடுவீங்க. தனியா இருந்தாதான் பழைய புத்தி வரும்."

நேற்று ஒரு பெரியவர் விமானத்திலிருந்து நேராக ஓடி வந்தார். மலையூர் மருத்துவமனையில் மகளுக்குத் தலைப்பிரசவம். பஸ் மறுநாள்தான்.

"எந்த நிமிஷமும் பொறந்துடும்மா, சாவியைக் குடு!"

"தாத்தா முழுசா போய்ச் சேரணுமில்ல? ரவுண்டானாவை ஒரு சுத்து சுத்துங்க. நானும் வர்றேன்."

முதல் சுற்றில் வைப்பர் ஓடியது. இரண்டாவதிலும் அதே கதை.

"மழை பலமா இருக்கா ஐயா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே லைசென்ஸ் வாங்கினவன்மா நான்!"

"அதான் வம்பே. புதுசா கத்துக்கிறவங்களுக்கு மறக்க ஒண்ணுமில்ல."

அக்கா தன் கூந்தலிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி அவருடைய இடது மணிக்கட்டில் மாட்டினார். "இனிமே இந்தக் கைதான் பேசணும்."

அடுத்த சுற்றில் டிக், டிக் என்று இண்டிகேட்டர் பேசியது. "அப்படிப் போடுங்க!" என்று கை தட்டிக்கொண்டே வாசலில் இறங்கிக்கொண்டார் அக்கா. "பொறந்ததும் போன் பண்ணுங்க. ஓட்டிக்கிட்டே பண்ணிடாதீங்க!"

கார் கொஞ்ச தூரம் போய், பெரிய சாலையில் இடப்பக்கம் திரும்ப நின்றது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஒரு முறை எழுந்தது. அவிழ்ந்த கூந்தல் முகத்தில் பறக்க, அக்கா இடது கையை உயர்த்தி வெறும் காற்றில் ஒரு தட்டுத் தட்டினார்.

வைப்பர் அடங்கியது. மஞ்சள் விளக்கு சிமிட்டியது. கார் திரும்பி மறைந்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.