காரியாபட்டியில் நிறுத்தாத வண்டி

வெள்ளத்துரைக்கு ஐம்பத்திரண்டு வயது. நரிக்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். கல்யாணமோ, கருமாதியோ, ஆஸ்பத்திரியோ, சுற்றுப்பட்டு ஊர்களில் முதலில் கேட்பது அவர் வண்டியைத்தான். "நம்ம வண்டி நடுவழியில நின்னதில்ல" என்று ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்லிவிடுவார். கேட்கிறவர்களுக்குத்தான் சலித்தது, அவருக்குச் சலிக்கவில்லை.

அப்படிப்பட்ட வண்டிக்கு என்ன ஊற்றினார் என்று கேட்டால்தான் சங்கடம். இன்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் தண்ணீர், முன்னால் இருக்கும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஓடி, காற்றுப் பட்டு ஆறி, மறுபடி இன்ஜினுக்குள் போகவேண்டும். நல்ல தண்ணீரில் கூலண்ட் கலந்து ஊற்றுங்கள் என்று அருப்புக்கோட்டை மெக்கானிக் மாரீஸ்வரன் படித்துப் படித்துச் சொன்னான். அதெல்லாம் சாயத் தண்ணீர் என்று சிரித்துவிட்டு, இவர் வீட்டு போர்த் தண்ணீரையே ஊற்றினார். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று அவர் மனைவி சங்கரம்மாள் அதை உலைக்கு எடுப்பதே இல்லை. உலைக்கு ஆகாததைப் பதினோரு வருஷமாக இன்ஜினுக்குக் கொடுத்துவந்தார் மனுஷர். ரேடியேட்டர் கசிந்தால் ஒரு பிடி மஞ்சள்தூள் போடுவார். மஞ்சள் ஓட்டையை அடைத்தது, கூடவே குழாய்களையும் அடைத்தது. உள்ளே உப்பு கெட்டியாகப் பிடித்திருக்கிறது, ரேடியேட்டரை மாற்றாமல் தூர ஓட்டம் போகாதீர்கள் என்று மாரீஸ்வரன் கண்டித்துச் சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பக்கத்துத் தெரு பால்சாமியின் மகள் ப்ரியா, அரசு வேலைத் தேர்வுக்கு மூன்று வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு தடவைதான், தவறினால் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு. தேர்வு மதுரையில். ஒன்பது மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். பால்சாமி விடியற்காலை பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தார். வெள்ளத்துரைதான் வலியப் போய், பிள்ளை பரீட்சைக்குப் போகும்போது பஸ்ஸில் இடிபடவா, நான் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அன்று காலையும் ஒரு பிடி மஞ்சள்தூள் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

திருச்சுழி தாண்டியதும் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. காரியாபட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது சிவப்பைத் தொட்டுவிட்டது. எதிரே மதுரை பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. நிறுத்தி, இதில் போய்விடுங்கள் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். பின்னால் ப்ரியா மடியில் நோட்டை விரித்து வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் பால்சாமி, உன் வண்டியில் ஏறினால் கவலையே இல்லை தம்பி என்று அப்போதுதான் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சுக்குப் பிறகு பஸ்ஸில் போகச் சொல்ல வெள்ளத்துரைக்கு நா எழவில்லை. இன்னும் முப்பது கிலோமீட்டர்தானே, தாங்கிவிடும் என்று மிதித்தார்.

ஐந்தாவது கிலோமீட்டரில் முன்பக்கம் புகை கிளம்பி வண்டி நின்றது. சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும் என்பதால் கால் மணி நேரம் காத்திருந்தார். ரோட்டோர வீட்டிலிருந்து சுப்பம்மாள் என்ற பெண், லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று பிடித்துவைத்த ஒரு குடத்தைத் தானாகவே தூக்கிக்கொண்டு வந்தாள். ஊற்றிய தண்ணீர் மறுநிமிஷமே ரேடியேட்டரின் அடியில் கோடாக வழிந்தது. ரேடியேட்டரின் தொட்டியே வெடித்திருந்தது. குனிந்திருந்த அவருக்கு மட்டும் அது தெரிந்தது. இனி எவ்வளவு ஊற்றினாலும் வண்டி நகராது என்பதும் தெரிந்தது. ஆனாலும் அவள் இன்னொரு குடம் கொண்டுவரட்டுமா என்று கேட்டபோது, சரியென்று தலையை ஆட்டினார். பால்சாமி பார்த்துக்கொண்டிருந்தாரே! அந்த வீட்டின் அன்றைய குடிதண்ணீர் முழுவதும் ரோட்டில் ஓடியது. அதற்குள் ஒரு பஸ் நிற்காமல் போய்விட்டது.

கடைசியில் ஒரு பால் வண்டியை மறித்து ஏறினார்கள். ஒன்பது ஆறுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் ரப்பர் ஓஸ் திடீரென்று பிய்ந்துவிட்டது என்று வெள்ளத்துரை ஊரில் சொன்னார். மாரீஸ்வரன் ரேடியேட்டரை அறுத்து, மஞ்சளும் உப்புமாக இறுகிப்போன குழாய்களைக் காட்டினான். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளத்துரைக்குக் கூசியது. அதைவிடக் கூசியது, டீக்கடையில் எவனோ கேலி பேசியதற்கு, இரும்பு வண்டி, அவன் என்ன செய்வான் என்று பால்சாமி சண்டைக்குப் போனதைக் கேட்டபோது. மூன்றாம் நாள் பால்சாமி வீட்டுக்குப் போனார். ப்ரியா மட்டும்தான் இருந்தாள்.

"ஓஸு பிய்யல தாயி. நான் பண்ணுன கோளாறு. மாரீஸ்வரன் முன்னாடியே சொன்னான், நான் கேக்கல."

ப்ரியா கேட்டாள்: "காரியாபட்டியிலயே தெரியுமா சித்தப்பா?"

"தெரியும்."

"அங்கன மதுர பஸ்ஸு நின்னுச்சே. எறக்கி விட்டிருந்தா போயிருப்பேனே."

"சொல்ல வெக்கமா இருந்துச்சு தாயி."

இதற்காகவா என்பதுபோல ப்ரியா அவரைப் பார்த்தாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளிக்கெழம என்னயப் பொண்ணு பாக்க வாராக. அவுகளக் கூட்டியார ஒங்க வண்டியத்தான் அப்பா சொல்லி வச்சிருக்காக" என்றாள். "அதுக்குள்ள சரியாயிருமா?"

குத்திக் காட்டவில்லை, உள்ளபடியே கேட்டாள். ஆகிவிடும் என்று வெள்ளத்துரை தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.