ஸ்டாக் சரியாக இருக்கிறது

கோயமுத்தூர் கணபதியில் என் பட்டறைக்கும் பக்கத்துப் பட்டறைக்கும் நடுவே ஒரு சுவர். ஒரு மழையில் அது ஆள் நுழைகிற அளவுக்கு இடிந்துவிட்டது. இரண்டு பேருமே அதைக் கட்டவில்லை, வேலைக்கு வசதியாக இருந்தது. நான் பம்புசெட்டுக்கு லேத்தில் ஷாஃப்ட் கடைகிறேன். என் கூட்டாளி, பழைய சிநேகிதன், அந்தப் பக்கம் மில் மெஷின்களுக்கு ஸ்பேர் கடைகிறான்.

அவசரத்துக்கு இரும்பு ராடு வேண்டுமென்றால் அவன் கேட்கமாட்டான். சுவர் இடிந்த வழியில் வந்து, ஸ்டாண்டிலிருந்து உருவித் தோளில் வைத்துக்கொண்டு, "ரெண்டு எடுத்துட்டன்டா" என்று போகிற போக்கில் சொல்வான். அவனுக்கு லோடு வந்ததும் திருப்பி வைப்பான், பாதி நேரம் வேறு சைஸ். நான் திட்டுவேன். நானும் அவனிடம் அப்படித்தான் எடுப்பேன், அவனும் திட்டுவான். திட்டிக்கொண்டே டீ குடிப்போம்.

ஜிஎஸ்டி வந்த பிறகும் இது நடந்தது. புது மெஷினுக்கு பேங்க் லோன் கேட்டபோதுதான் ஆடிட்டர் பட்டறைக்கே வந்து பார்த்தார். சின்ன வயதுப் பெண், ஆனால் கறார்.

"ஏனுங்ணா, கணக்குல இருக்கற ராடு இங்க இல்லீங்க. இங்க இருக்கற ராடு கணக்குல இல்லீங்க."

"பக்கத்துல நம்ம கூட்டாளி எடுத்திருப்பான் அம்மணி."

"அது உங்களுக்குத் தெரியுமுங்க, செக்கிங் வர்ற ஆபீசருக்குத் தெரியாதுங்களே. பில் இல்லாம வித்துட்டீங்கன்னுதான் நெனைப்பாரு. யாரு சரக்கு எடுத்தாலும் சலான் சீட்டுப் போட்டுக் கையெழுத்து வாங்கிப்போடுங்க."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சின்னத் தொழில் தொடங்குகிற யார் கேட்டாலும் நானும் இன்று அதையேதான் சொல்கிறேன்: சீட்டு இல்லாமல் சரக்கை வெளியே விடாதே, வீட்டுப் பணத்தையும் பட்டறைப் பணத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே. சொல்வதற்கென்ன, வாய் வலிக்கவா போகிறது.

கூட்டாளியிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினான். அடுத்த முறை ராடை உருவித் தோளில் வைத்தபோது, என் பட்டறையில் கணக்கெழுதுகிற பெண் சலான் புத்தகத்தோடு எதிரே போய் நின்றாள். அவன் ராடைக் கீழே இறக்கினான். சீட்டை வாங்கிப் படித்தான், கையெழுத்துப் போட்டான்.

"தப்பில்லீங்க. தொழில்னா முறைன்னு ஒண்ணு வேணுமுங்களே" என்றான் என்னைப் பார்த்து.

அத்தனை வருஷம் என்னை டா போட்டுப் பேசியவன்.

அதோடு அவன் சுவர் இடிந்த வழியாக வருவதை விட்டுவிட்டான். சண்டை ஒன்றுமில்லை. சண்டை போட்டிருந்தாலாவது போய்ச் சமாதானம் செய்திருப்பேன். ராடு தீர்ந்தால் கடையில் வாங்கிக்கொள்கிறான். லோன் கிடைத்து மெஷினுக்குப் பூஜை போட்டபோது, வெள்ளைச் சட்டையும் பழத்தட்டுமாக முன்கேட் வழியாக வந்தான். மற்ற விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்துவிட்டு, மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனான். டீ குடிக்கக் கூப்பிட்டால் "வாரனுங்க" என்கிறான். வருவதில்லை. அவன் லேத் ஓடுகிற சத்தம் மட்டும் நாள் முழுக்கக் கேட்கிறது. மனசு அவனைத் தேடுகிறது. இந்த வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த வருஷக் கணக்கை முடிக்க வந்த ஆடிட்டர், ஸ்டாண்டு முன்னால் நின்று ராடுகளை எண்ணினார். நானும் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணுகூடக் குறையலீங்ணா" என்றார் சந்தோஷமாக.

ஒரே ஒரு ராடாவது குறைந்திருக்காதா என்றுதான் நான் நின்றுகொண்டிருந்தேன்.