அறுபத்திரண்டு கையெழுத்து

உப்பலில் எங்கள் அப்பார்ட்மென்ட் வாசலில் இஸ்திரி போடும் கொட்டகை ஒன்று இருந்தது. அதை நடத்தியவள் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. சாலையை அகலப்படுத்தப் போகிறோம், ஒரு வாரத்தில் கொட்டகையை எடு என்று மாநகராட்சி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அது போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டடம் முழுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த சாஃப்ட்வேர்க்காரர்கள். சும்மா விடுவோமா? கிளையண்டுக்கு அனுப்புவதுபோல மனு தயாரித்தேன். வரைபடம், புகைப்படம், பளபளக்கும் ஆங்கிலம். மாடி மாடியாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினேன். போனால் போகிறதென்று கடைசியில் அவளையும் போடச் சொன்னேன். மொத்தம் அறுபத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் பக்கத்து வீட்டுக்காரரும் அவளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வார்டு கார்ப்பொரேட்டரின் வீட்டுக்குப் போனோம். அவர் மனுவைப் படிக்கவே இல்லை. உதவியாளரிடம் நீட்டினார். அந்த ஆள் வாக்காளர் பட்டியலைப் பிரித்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துத் தேடினான். பிறகு உதட்டைப் பிதுக்கினான்.

"உங்க ஓட்டெல்லாம் எங்கம்மா இருக்கு?" என்று கார்ப்பொரேட்டர் தெலுங்கில் கேட்டார்.

"சேலத்தில்" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் மதுரை என்றார். ரேஷன் கார்டைப்போல ஓட்டையும் ஊரிலேயே விட்டு வந்திருந்தோம். பத்து வருடமாக இங்கே குடியிருந்தும் அதை மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பட்டியலில் இருந்தது ஒரே பெயர், அவளுடையது.

அவர் அவளை உட்காரச் சொன்னார். எங்களைச் சொல்லவில்லை. தான் குடியிருக்கும் பஸ்தியில் எத்தனை வீடு, யார் யாருக்கு ஓட்டு இருக்கிறது என்று அவள் நிதானமாகச் சொன்னாள். கெஞ்சவில்லை. கொட்டகையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி எங்கள் சுவரோரம் வைத்துக்கொள்ளலாம், யாரும் தொட மாட்டார்கள் என்று பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

ஆட்டோவில் திரும்பும்போது சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. "என் மனுவால ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றேன்.

"ஹவ் அக்கா" என்று உடனே ஒத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்காக மூஞ்சத் தூக்கி வச்சுக்க நக்கோ. உங்க பில்டிங்குக்குத் தண்ணி சரியா வரலன்னு சொன்னீங்களே, அடுத்த வாட்டி போறப்ப அதையும் நான் கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளும்மா" என்றேன்.