சின்னவர் வண்டியைத் திருப்பிய பாகம்

போன வாரம் நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். புதுச்சத்திரம் தாண்டியதும் ரோட்டோரச் சோளக்காட்டிலிருந்து என்னவோ பளிச் பளிச்சென்று கண்ணில் அடித்தது. பழைய டிவிடி தகடுகள். குருவி வந்து கதிரைக் கொத்தாமல் இருக்க, கயிற்றில் வரிசையாகக் கோத்துக் கட்டியிருந்தார்கள். காற்றுக்கு அவை திரும்பித் திரும்பி மின்னின. குருவிகள் அவற்றைச் சட்டை செய்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் எங்கிருந்தோ டீசல் வாடையும், கேஸ் வெல்டிங் வாடையும், நடுவில் வெங்காயம் வதங்கும் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறின. இந்த மூன்றும் ஒன்றாக வரும் இடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

படிப்பு முடிந்து நான் முதன்முதலில் வேலைக்குப் போன இடம் அது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரிக் கம்பெனி. எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூராக இருந்தால் சொல்கிறேன்: பூமியில் போர் போடும் பெரிய லாரிக்குத்தான் ரிக் என்று பெயர். எங்கள் ஊர் ரிக்குகள் இந்தியாவில் போகாத மாநிலம் கிடையாது. ஆறு மாதம், எட்டு மாதம் வடக்கே சுற்றிவிட்டு, ரிப்பேருக்கும் பெயின்டுக்கும் ஊருக்கு வரும். வந்து நிற்கும் பட்டறையின் ஓரத்தில் இரண்டு அறை ஆபீஸ். அதில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பெரும்பாலும் கம்ப்யூட்டரைத் துடைத்து வைப்பதுதான் என் வேலை.

முதலாளியின் மருமகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு டிவிடி பெட்டியைக் கொண்டுவந்தார். பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு ஆங்கிலத் தொடர். விண்வெளியில் அலையும் ஒரு கப்பலின் கதை. சீசன் சீசனாக அடுக்கியிருந்த பெட்டி செங்கல் கனம் கனத்தது. அவருக்குப் பார்க்க நேரமில்லை. ஆபீஸ் டிவிக்கு மேலே போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு வேலை ஐந்தரைக்கு முடியும், ஊருக்குப் பஸ் ஏழு மணிக்கு. அந்த இடைவெளியில் தினம் ஒரு பாகம் என்று ஆரம்பித்தது, அப்புறம் மழை பெய்தாலும் கரண்டு போனாலும் விடாத பழக்கமாகிவிட்டது. கரண்டு போனால் பட்டறை ஜெனரேட்டரைப் போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்போம்.

பார்ப்பது நாங்கள் நாலு பேர். முதலில் மேனேஜர் பழனிசாமி அண்ணன். ரிக்கோடு பல வருஷம் வடக்கே சுற்றிவிட்டு, அப்போதுதான் பட்டறைக்கு மாறி வந்திருந்தார். கரஸில், அதாவது தபால் வழியில், பி.ஏ. ஆங்கிலம் முடித்தவர். கீழே வரும் எழுத்தைப் படித்து எங்களுக்குத் தமிழில் சொல்வது அவர் பொறுப்பு. தடுமாறக் கூடாது என்று மத்தியானமே தனியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொள்வார். நானும் ஆங்கில வழியில் பி.காம். படித்தவள்தான், சான்றிதழில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் நான் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் கப்பல் வேறு கிரகத்துக்குப் போய்விடும்.

அண்ணன் சொன்ன தமிழ் முழுக்க ரிக் தமிழ். கப்பல் ‘வண்டி’ ஆனது. கிரகம் ‘பாயிண்ட்’ ஆனது; போர் போடும் இடத்துக்கு நாங்கள் சொல்வது அது. வாயில் நுழையாத பெயர்கள் எங்களுக்கு எதற்கு? முதல் கேப்டன் பெரியவர், அவருக்குப் பிறகு வந்தவர் சின்னவர், இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவர் டிரில்லர். பச்சை முகத்து வியாபாரிகள் வந்து பேரம் பேசும் பாகத்தில், ‘துண்டுக்குள்ள வெரல் புடிச்சு வெல பேசறாங்க’ என்றார். வெல்டர் தங்கவேலு அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு மேச்சேரி, ஆட்டுச் சந்தையிலேயே வளர்ந்தவர். சந்தையில் துண்டுக்கடியில் விரலைத் தொட்டே விலை முடியும், இவ்வளவு சத்தம் போடுகிறவன் வியாபாரியே இல்லை என்று அன்றைக்கு முழுக்க வாதாடினார். பெரியவர் நல்லவரா சின்னவர் நல்லவரா என்பதில் மட்டும் எங்களுக்குள் பேச்சுவார்த்தை முறிந்த நாட்கள் உண்டு. தங்கவேலு பெரியவர் கட்சி. நான் சின்னவர் கட்சி. கொள்கை என்று சொல்லிக்கொண்டேன். சின்னவர் பார்க்க நன்றாக இருப்பார் என்பதுதான் உண்மை.

நாலாவது ஆள் சரசக்கா. பட்டறை ஆட்களுக்குச் சமைப்பவர். அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் உட்காருவார். கட்சி எதிலும் சேரமாட்டார். கருத்தும் சொல்லமாட்டார்.

அவருடைய கணவர் குமாரசாமி எங்கள் கம்பெனி ரிக் ஒன்றில் டிரில்லராக இருந்தவர். முந்தின வருஷம் வடக்கே ஒரு காட்டுப் பக்கம் வேலையில் இருந்தபோது அவருக்கும் மேனேஜருக்கும் ஏதோ வாய்த்தகராறு. அன்றைக்கு வண்டியிலிருந்து இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. அந்த வண்டிக்கு மேனேஜராக இருந்தது பழனிசாமி அண்ணன்தான். போன் செய்து சரசக்காவிடம் அவர் சொன்னது ஒரே வார்த்தை: ‘இறங்கிட்டாருங்க.’

அந்த வார்த்தையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். லாரியிலும் ரிக்கிலும் ஒருத்தன் இறங்கிட்டான் என்றால், கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போய்விட்டான் என்று அர்த்தம். அப்படி இறங்குகிறவர்கள் அங்கே இங்கே சுற்றிவிட்டு, வெட்கம் தணிந்ததும் ஊர் வந்து சேருவார்கள். வேறு வண்டியில் ஏறுவார்கள். இறங்கிய ஆளை யாரும் தேடுவது கிடையாது. குமாரசாமியையும் யாரும் தேடவில்லை. இன்று வருவார் நாளை வருவார் என்று மாதங்கள் போயின. அப்புறம் போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களும், தானாக இறங்கின ஆள்தானே என்றார்களாம்.

சரசக்கா பொட்டும் தாலியுமாகத்தான் இருந்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் எனக்குத் துணையாக வருவார். வழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். கல்யாண வீடுகளில் சீர் செய்ய அவரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று சொந்தக்காரர்கள் தடுமாறினார்கள். எதிரே வருகிறவர்கள் முகத்தைப் பார்க்குமுன் நெற்றியைப் பார்த்தார்கள். காரியத்தைச் செய்து முடித்துவிடு என்று கொழுந்தனார் வீட்டில் நெருக்கினார்கள். ‘தெரியாம எப்படிக் கண்ணு முடிக்கறது?’ என்று என்னைக் கேட்டார். எனக்கு வயது இருபத்திரண்டு. பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

ஒரு நாள் தொடரில், ஓடுகிற கப்பலுக்கு வெளியே ரிப்பேர் பார்க்கப் போன டிரில்லரை ஒரு வெளிச்சம் வந்து அடித்தது. அடுத்த நொடி அங்கே ஆள் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பெண் என்னவோ சொன்னாள். கீழே ‘ஹீ இஸ் கான்’, போய்விட்டார், என்று எழுத்து வந்தது. மத்தியானமே பார்த்து வைத்திருந்தும் பழனிசாமி அண்ணன் வாயில் அந்த நேரத்துக்கு வந்தது பழக்கமான வார்த்தைதான். ‘இறங்கிட்டாரு’ என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். திரும்பி யாரையும் பார்க்கவில்லை. சரசக்கா கையிலிருந்த டீ டம்ளரைத் தரையில் வைத்தார்.

அதிலிருந்து எங்கள் வாதம் எல்லாம் டிரில்லரைப் பற்றியே ஆயிற்று. செத்துவிட்டார் என்று தங்கவேலு. உடம்பைக் காட்டாதவரைக்கும் சாகவில்லை என்று நான். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் கப்பலைப் பற்றிப் பேசுவதாகவே பேசினோம். பழனிசாமி அண்ணன் மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. சரசக்கா ஒரு நாளும் தவறாமல் வந்தார்.

ஐப்பசி மழை தொடங்கிய சமயம். ஒரு மத்தியானம் அண்ணன் என்னையும் தங்கவேலுவையும் டீக்கடைக்குக் கூப்பிட்டார். அடுத்த சீசனை ஓட்டிப் பார்த்துவிட்டதாகவும், டிரில்லர் கதை முடிந்துவிடுகிறது என்றும் சொன்னார். அவருடைய வெற்று உடுப்புதான் கிடைக்கிறது, அதை நடுவில் வைத்துச் சடங்கு செய்கிறார்கள். இதைச் சரசக்காவிடம் எப்படிப் போடுவது, டிஸ்கு கீறல் விழுந்துவிட்டது என்று சொல்லித் தாண்டிவிடலாமா என்று கேட்டார். தங்கவேலு போட்டுவிட வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். சாயங்காலம் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்த சரசக்காவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

‘போடுங்க அண்ணா. நான் பாத்துக்கறேன்.’

அந்தச் சீசனின் தொடக்கத்தில் சண்டை இல்லை, பச்சை முகத்துக்காரர்கள் இல்லை. சின்னவருக்கு மேலிடத்திலிருந்து வேறு பாயிண்டுக்குப் போகச் சொல்லி உத்தரவு. அவர் அதை மீறி வண்டியைத் திருப்பினார். ஒரு ஆளுக்காக அவ்வளவு பெரிய கப்பல் வந்த வழியே திரும்பிப் போயிற்று. அடுத்தடுத்த நாட்களில் நாங்கள் பார்த்ததெல்லாம் இருட்டு, விளக்கு, கண்ணாடி வழியே தேடிக்கொண்டிருக்கும் முகங்கள். தங்கவேலுகூடக் கொட்டாவி விட்டார். கடைசியில் அந்த வெற்று உடுப்பு. எல்லோரும் வரிசையாக நின்றார்கள். சின்னவர் பேசினார். அண்ணன் மொழிபெயர்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பாகம் முடிந்து எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சரசக்கா முதன்முதலாகத் தன் கருத்தைச் சொன்னார். சத்தம் உயரவில்லை.

‘செத்தாரோ பொழச்சாரோ, அவங்க தேடிப் போனாங்க. எங்கூட்டுக்காரருக்கு யாருங்கண்ணா வண்டியத் திருப்புனீங்க?’

அவர் எழுந்து டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனார். அன்றைக்குப் பஸ் ஸ்டாப்புக்கு நான் தனியாகத்தான் போனேன்.

அடுத்த வாரம் பழனிசாமி அண்ணன் லீவு போட்டார். சரசக்காவின் தம்பியைக் கூட்டிக்கொண்டு வடக்கே ரயில் ஏறிவிட்டார் என்று தங்கவேலு சொன்னார். அவர் இல்லாத நாட்களில் நாங்கள் டிவியைப் போடவில்லை. திரும்பி வந்தபோது மார்கழி ஆகியிருந்தது. முகத்தில் தாடி. ஆபீஸுக்குள் வராமல் நேராகச் சமையல்கட்டுக்குப் போய் வாசல்படியில் நின்றார். நானும் தங்கவேலுவும் பின்னால் போனோம்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். குமாரசாமிக்கு அன்றைக்குக் காய்ச்சல். வேலைக்கு வர முடியாது என்றதில்தான் தகராறு வந்தது. மாத்திரை போட்டுப் படுத்திருக்கட்டும் என்று ரோட்டோர டீக்கடை ஒன்றில் அவரை இறக்கிவிட்டு, வேலை முடிந்து இந்த வழியாகத்தானே வரப்போகிறோம் என்று வண்டி காட்டுக்குள் போனது. சாயங்காலம் வேறு பாயிண்டுக்கு அழைப்பு வந்து வேறு ரோட்டில் போய்விட்டார்கள். குமாரசாமியின் போனும் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. கோபத்தில் இருந்த ஆள்தானே, இறங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள். இப்போது போய்த் தேடியபோது அந்த டீக்கடைக்காரர் ஞாபகம் வைத்திருந்தார். இரண்டு நாள் அங்கேயே இருந்தாராம். மூன்றாவது நாள் எழுந்திருக்கவில்லை. ஊர் பேர் தெரியாத ஆள் என்று அந்தக் கிராமத்துக்காரர்களே எரித்திருக்கிறார்கள்.

‘அவரு இறங்கலீங்க’ என்றார் அண்ணன். ‘வண்டி வந்துரும், வந்துரும்னு சொல்லிட்டே ரோட்டப் பாத்து உக்காந்திருந்தாராமுங்க.’

அழுகை வரும் என்று நான் சரசக்கா தோளைப் பிடிக்கக் கிட்டே போனேன். அவர் அழவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததை இறக்கி வைத்தார். பிறகு அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

‘உக்காந்திருந்த எடத்துல நெழல் இருந்துதுங்களா?’

‘புளியமரம் இருந்துச்சுங்க’ என்றார் அண்ணன். சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வாரமே காரியம் நடந்தது. பொட்டில்லாத நெற்றியோடு சரசக்கா மறுபடி வேலைக்கு வந்தபோது, பழனிசாமி அண்ணனுக்கும் வழக்கம்போலவே சோறு போட்டார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை.

அதற்குப் பிறகு யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. கல்யாணமாகி நான் இராசிபுரம் வந்துவிட்டேன். பட்டறை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். முதலாளிகள் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதைப் போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். பழனிசாமி அண்ணன் மாரடைப்பில் போனார். தங்கவேலு ஆடு வளர்க்க மேச்சேரிக்கே திரும்பிவிட்டதாகக் கேள்வி.

அந்தத் தொடர் இன்னமும் புதிது புதிதாக வந்துகொண்டிருக்கிறது. என் அக்கா மகன் அதற்குப் பெரிய ரசிகன். உலகம் முழுக்க இருக்கும் ரசிகர்கள் கருத்து எழுதும் இடம் ஒன்று அவன் போனில் இருக்கிறது. தொடரிலேயே மிக மோசமானவை கப்பல் திரும்பிப் போகும் அந்தப் பாகங்கள்தான் என்று அங்கே பலரும் எழுதியிருக்கிறார்களாம். ஒன்றுமே நடக்காது, வெறுமனே தேடிக்கொண்டே இருப்பார்கள் என்று அவனும் சொன்னான். நாங்கள் பாக்கி விட்ட சீசன்களைத் தமிழிலேயே பார்க்கலாம், வா சித்தி என்று கூப்பிடுகிறான். வேண்டாமென்று விட்டேன். கதை என்ன ஆயிற்று என்பதில் எனக்கு இப்போது ஆவல் இல்லை. அதைப் பார்த்துவிட்டுச் சரசக்கா என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை. போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.