வாளியின் அடியில் படிந்தது

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். ஊருக்கே தெரியும்.

தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் எங்களுக்கு லீக்ஸ் பாத்திகள் இருக்கின்றன. இலைக்கு உரமாக அடிக்க, ஹட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் பொட்டாசியம் சல்பேற்றும் அமோனியம் சல்பேற்றும் வாங்கிவந்தேன். ஒவ்வொரு தெளிப்பு டேங்குக்கும் தனித்தனியாகக் கரைக்கச் சோம்பல். முதலாவதை ஒரு வாளித் தண்ணீரில், இதற்கு மேல் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்தேன். தெளிவாக இருந்தது. அதற்குள்ளேயே இரண்டாவதையும் கொட்டிக் கிண்டினேன். கொஞ்ச நேரத்தில் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிட்டது.

"என்னங்க டீச்சரம்மா, காசு குடுத்து மணலா வாங்கிட்டு வந்தீங்க?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். போதாதா எனக்கு? அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கடையில் நல்ல கூட்டம். "மணல கலந்து விக்கிறீங்களே நானா, எங்க வயித்துல அடிக்கிறீங்களே!" என்று கத்தினேன். "அல்லாஹ் அறிய சொல்றேன் டீச்சர், மூட்டைல வந்தத அப்படியேதான் நிறுத்துக் குடுத்தேன்" என்றார். நான் காதில் வாங்கவில்லை. எங்கள் தோட்டத்து ஆட்கள் அந்தக் கடைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்கள். உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிற டீச்சரே சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்?

பிறகு ஒருநாள் வகுப்பில் பொது அயன் விளைவு நடத்திக்கொண்டிருந்தேன். நிரம்பிய கரைசல் ஒன்றில், அதில் உள்ள அதே அயனைத் தரும் இன்னொரு உப்பைப் போட்டால், முதல் உப்பு கரைந்து நிற்க முடியாமல் வெளியே வந்து படியும். உதாரணத்துக்கு 'சல்பேற்று' என்று பலகையில் எழுதிய கை அப்படியே நின்றது. ஐயோ, என் வாளி! வருடா வருடம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தது இதைத்தானே? வீட்டுக்கு ஓடி, சாட்சிக்கென்று போத்தலில் எடுத்து வைத்திருந்த அந்த 'மணலை' நிறையப் பச்சைத் தண்ணீரில் போட்டேன். ஒரு துகள் மிஞ்சாமல் கரைந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மறுநாள், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். நடந்ததையெல்லாம் விளக்கிச் சொல்லி, "மன்னிச்சுக்கங்க நானா" என்றேன்.

அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு அவ்வளவு ஆளுக்கு முன்னால சொன்னீங்க. இன்னைக்கு எனக்கு மட்டும் வந்து சொல்றீங்க. மணல் இல்லேன்னு எனக்குத்தான் தெரியுமே டீச்சர்."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கிக் கடைப் படியேறினார்கள். "என்ன டீச்சர், மறுபடியும் இந்தக் கடையா?" என்று ஒருத்தி கேட்டாள். நானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறந்தேன்.

"ஒரு பாக்கெட் கரட் விதை தாங்க நானா" என்றேன்.