வேனில் காலியாக இருந்த இடம்

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். நேரில் மட்டும் கூடவே ஒரு 'அக்கா' ஒட்டிக்கொள்ளும். பெண்களின் கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்து வரும் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வதுதான் இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. புற்றுநோயாக மாறக்கூடிய செல் ஒன்றே ஒன்று ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் நாற்பத்தேழு வயதாகியும் தன்னை ஒருமுறைகூடப் பரிசோதித்துக்கொண்டதில்லை.

அந்த வருடம் மருத்துவமனையில் பெண் ஊழியர்களுக்கெல்லாம் பரிசோதனை என்று அறிவித்தார்கள். நூற்றுப்பத்துப் பேரில் பெயர் கொடுத்தது நாலே பேர். தலைமை நர்ஸ் நொந்துபோய் வந்தாள்.

"நோயாளிங்களுக்கு நாள் பூரா பாடம் எடுக்கறோம். நமக்குன்னா ஒருத்தியும் வரமாட்டேங்கறா. இங்க விஷயம் தெரியாதவ யாருக்கா?"

"தெரியாம இல்லம்மா. காலைல நம்ம டாக்டர் முன்னாடி படுத்துட்டு, மத்தியானம் அவங்களோடவே உட்கார்ந்து சாப்பிடணும். ஸ்லைடு வேற என் மேஜைக்குத்தான் வரும். அப்புறம் என் முகத்துல எப்படி முழிப்பாங்க?"

சொல்லிவிட்டுச் சற்று யோசித்தவள், அடுத்த ஊர் மருத்துவமனையில் தன்னைப்போலவே வேலை பார்ப்பவளுக்குப் போன் போட்டாள். "எங்க ஆளுங்க உங்ககிட்ட வரட்டும், உங்க ஆளுங்க எங்ககிட்ட வரட்டும். யாருக்கும் யாரையும் தெரியாது."

"பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கற கதையால்ல இருக்கு!" என்று மறுமுனையில் அவள் சிரித்தாலும், தன் மேலிடத்தில் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டாள்.

பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில் பதினொரு பேர் ஏறினார்கள். வழியனுப்ப வந்த பூதக்கண்ணாடியின் கையைத் துப்புரவுப் பணிப்பெண் எட்டிப் பிடித்தாள்.

"எங்களையெல்லாம் ஏத்திவிட்டுட்டு நீங்க டாட்டா காட்டுவீங்களா? ஏறுங்கக்கா!"

வேலை கிடக்கிறது என்று அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

அங்கே மேஜைமேல் படுத்தபோது, படித்ததெல்லாம் மறந்துபோனது. "மூச்சை விடுங்கம்மா, எவ்வளவு நேரம் புடிச்சு வெச்சிருப்பீங்க?" என்றாள் அந்த இளம் டாக்டர். ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பத்தாம் நாள் அந்த அடுத்த ஊர்க்காரியிடமிருந்து போன் வந்தது. "அக்கா, ஒருதடவை நேர்ல வர முடியுமா?" குரலிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

போனவள் தன் ஸ்லைடைக் காட்டச் சொன்னாள். கருத்துப் பெருத்த செல்கள் கும்பலாக நின்றன. வேறு யாருடையதாக இருந்தாலும் அரை நிமிடத்தில் குறித்துவிட்டு அடுத்ததை எடுத்திருப்பாள். இப்போது கண்ணை எடுக்க முடியவில்லை. லென்ஸ் நனைந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் ஆகவில்லை, அதற்கு முந்தின படிதான் என்று தெரிந்தது. கெட்டுப்போன பகுதியை மட்டும் வெட்டி எடுத்து அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ் ஓட்டும் கணவர் லீவு போட்டு, ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்துக் கிடந்தார். "ஊருக்கெல்லாம் பார்த்தியே, உனக்குப் பார்த்துக்கணும்னு தோணவே இல்லையா?" அவர் கோபமாகக் கேட்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று, சாப்பாட்டு நேரத்தில் எதையும் மறைக்காமல் எல்லாரிடமும் சொன்னாள். பிறகு மருந்து கொடுக்கும் பெண் மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வலிக்குமாக்கா?"

"லேசா சுருக்குனு இருக்கலாம். கூச்சமாவும் இருக்கும். எனக்கும் இருந்துச்சு."

அந்த மாதம் வேன் மூன்று நடை போனது.