காதுக்குப் பூண்டெண்ணெய்

என் அம்மா எழுதி வைத்த கைவைத்திய நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. ஓசூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் அதிலிருந்து வாசித்துக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். வாசிக்காமல் தாண்டிய பக்கங்களும் உண்டு. உத்தனப்பள்ளிப் பக்கம் நிலபுலன் உள்ள எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன மதிப்பு என்பதை அவை சொல்லிவிடும். ஆண்களுக்கு மார் வலித்தால் உடனே வண்டி பிடிக்கவும். பெண்களுக்கு மார் வலித்தால் அது வாயு. பெருங்காயம் கரைத்துக் குடிக்கவும். கறவை மாடு தீனி எடுக்காவிட்டால் டாக்டருக்குச் சொல்லி அனுப்பவும்.

அந்தக் காலத்து மனுஷர்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் நான் இன்ஜினியரிங் படித்தவன். ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது வருடம் இருந்தேன். மயிரிழை பிசகினாலும் உதிரிபாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

"இடது காது குடையுதுங்க. சீழ் மாதிரி வருது" என்று என் மனைவி சொன்னபோது, நோட்டைத் திறக்காமலே சொன்னேன்: "நல்லெண்ணெயில பூண்டு போட்டுக் காய்ச்சி நாலு சொட்டு விடு."

எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாவும் அதையே சொன்னார். கீழ்வீட்டுத் தெலுங்குக்காரரும் அதையே சொன்னார். தண்ணீர்த் தொட்டி கழுவுவதில்கூட ஒத்துப்போகாத நாங்கள் அவள் காது விஷயத்தில் ஒத்துப்போனோம்.

பல மாதம் எண்ணெய் விட்டாள். நடுவில் இரண்டு தரம், "டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டலாமுங்க" என்றாள். ஆடிட் முடியட்டும் என்றேன். அதே ஆடிட் சமயத்தில் எனக்குக் கடைவாய்ப் பல் கூசியது. லீவு போட்டுப் பெங்களூருக்கே போய்க் காட்டினேன். துணைக்கு அவளைக் கூட்டிப்போனேன். காதில் பஞ்சோடு வந்தாள்.

கடைசியில் அவளைக் காட்டியபோது டாக்டர் கேட்டார்: "ஜவ்வுல ஓட்டை இருக்கும்மா. இதுல போய் எண்ணெய் விட யார் சொன்னது? முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "வீட்டு வழக்கமுங்க" என்றாள்.

"சார் என்ன வேலை பார்க்கிறார்?"

"கம்பெனியில குவாலிட்டி பாக்கறாருங்க."

அந்தக் காது கேட்காமலே போய்விட்டது. இத்தனை வருடத்தில் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் வாய் திறந்ததில்லை.

போன வாரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உன் காதைக் கெடுத்தது நான்தான். மன்னிச்சுக்க" என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்தது இடது பக்கம். தற்செயல் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டாள். "என்னமோ சொல்றீங்க. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

எழுந்து வலது பக்கம் போனேன். "காபி கிடைக்குமான்னு கேட்டேன்" என்றேன்.

"இதுக்கா இத்தனை முனகல்?" என்று கீரையை ஒதுக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். டம்ளர் வந்தது. வாங்கிக் குடித்தேன்.